குளம்பு தரும் சான்றிதழ்



புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'ஃபூர்பூ' என்ற சொல் நினைவிருக்கும். அடித்துப் போட்டாற்போல் களைத்துப்போனவன் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வான். அது குதிரை லாயத்தில் பிறந்த சொல் என்பது ஓய்வு பெற்ற பிறகு அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. 'அளவு மீறிக் குடித்தல்' என்ற பழைய வினையிலிருந்து வந்ததாம். வியர்த்து வந்த குதிரை மடமடவென்று தண்ணீர் குடித்தால் கால் பிடித்துக்கொள்ளும் என்று அன்று நம்பினார்கள். நோயின் பெயர் 'ஃபூர்பூர்'. ஆங்கிலத்தில் லேமினைட்டிஸ்.

2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கரான செனபோன், குதிரைக்கு வரும் 'வாற்கோதுமை நோய்' பற்றி எழுதியிருக்கிறார். அது இந்த நோய்தான் என்று கருதுவோர் உண்டு. தானியம் மிகுந்தால் வரும் என்பது இன்றும் உண்மை. கடும் குடல் நோய்க்குப் பின்னும் வரும்.

குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் மெல்லிய இதழ்கள் பிணைத்து வைத்திருக்கின்றன. அவை அழன்று பிடி விட்டால், உடம்பின் பாரத்தில் எலும்பு கீழே இறங்கும், அல்லது திரும்பிக்கொள்ளும். 1973-இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரெட்டேரியட்டை, 1989 அக்டோபரில் இந்நோயின் வேதனை தாளாமல் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்தில் ரத்தத்தை வடித்துவிட்டு, நொண்டும் குதிரையை வலுக்கட்டாயமாக நடக்கவிட்டார்கள். இன்று செய்வது நேர்மாறு. முதலில் ஓய்வு, மெத்தென்ற படுக்கை, தானியம் நிறுத்தம். பிறகு எக்ஸ்ரே பார்த்துக் குளம்பைச் சீவி, தாங்கலான லாடம் கட்டுகிறார்கள். வலி மருந்து இல்லாமலே இயல்பாக நடந்தால்தான் மென்மையான தரையில், நேர்க்கோட்டில், சில நிமிட நடை. சவாரி, பிறகு ஓட்டம் எல்லாம் படிப்படியாக. குறுகிய வட்டத்தில் சுற்றவிடுவது கடைசியில்தான்.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். மேல் விளிம்பில் முளைக்கும் புதுக் குளம்பு முன் நுனியை எட்ட ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். எஜமானன் அவசரத்துக்கு அது வளராது.

பேய்ன்டர் என்ற குதிரை 2012 ஜூலையில் நியூ ஜெர்சியில் ஹாஸ்கல் பந்தயத்தை வென்றது. அடுத்த சில வாரங்களில் குடல் அழற்சி. அதைத் தொடர்ந்து மூன்று கால்களில் இந்த நோய். பிழைக்காது என்றே பலர் நினைத்தார்கள். வயிற்றில் அறுவை சிகிச்சையும் நடந்தது. பொறுமையாகத் தேற்றி, 2013 ஜூனில் கலிஃபோர்னியாவில் மீண்டும் ஓடவிட்டார்கள். வென்றது! இடையில் ஏறக்குறைய பத்து மாதம். அதன் பிறகு பெரிய பந்தயம் எதையும் அது வெல்லவில்லை. அதனால் என்ன? மறுபடி ஓடியதே!

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கோப்பு ஞாபகம் வந்தது. நான் விடுப்புப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தபோது, கால் முறிந்து வீட்டிலிருந்த பியூன் ஒருவருக்கு, எப்போது பணிக்குத் திரும்புவீர் என்று இரண்டு நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். மேலதிகாரி கேட்டார், நான் எழுதினேன். பயந்துபோய், தகுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மனிதர் சீக்கிரமே வந்துவிட்டார். ஓய்வு பெறும்வரை நொண்டியபடியேதான் மாடிப்படி ஏறினார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. பார்த்தால், "வணக்கம் சார்" என்பார்.

சான்றிதழில் டாக்டர் கையெழுத்து இருந்தது. கால்தான் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. மூன்றாவது கடிதம் எழுதாமல் இருந்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. அதற்கு அவசியமே வரவில்லை.