ஒரு கையெழுத்து பிறந்த கதை

விடியும் முன்பே போடிமெட்டு ஏற்றத்தில் ஜீப்புகள் வரிசை கட்டிவிடும். தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். பெரும்பாலானோர் பொழுது சாயத் திரும்பிவிடுவார்கள். சிலர் லயத்திலேயே தங்கி, பிள்ளைகளையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, வாக்காளர் பட்டியலிலும் இடம்பிடித்துவிடுவார்கள். சொந்த ஊர்ப் பட்டியலிலோ பழைய பெயர் அப்படியே கிடக்கும். கம்பம்மெட்டு, குமுளி, பாலக்காட்டுப் பக்கம் வேலந்தாவளம், கோபாலபுரம் என எல்லை நெடுகிலும் இதே பாடுதான். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தார்கள். கல்யாணமும் கூலிவேலையும் அதன் பிறகும் எல்லை தாண்டித்தான் நடக்கின்றன.

ஒருவருக்கு ஒரே தொகுதியில், ஒரே இடத்தில்தான் பெயர் இருக்கலாம் என்கின்றன 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகள். ஆனால் பழைய பெயரை எடுக்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் அலைவது?

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் இது கேரளம் முழுக்கப் புகைந்தது. நாலு லட்சத்துக்கும் மேல் இரட்டைப் பதிவுகள் இருப்பதாகச் சொல்லி, அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னிதலா உயர் நீதிமன்றம் போனார். தேர்தல் ஆணையமோ 38,586 என்றது. வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டிவிட்டால் பட்டியலில் கைவைக்கச் சட்டம் விடாது. பெயரை நீக்கவும் முடியாது, கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது.

அந்த இக்கட்டில்தான் அந்தக் கையெழுத்து பிறந்தது. தலைமை நீதிபதி எஸ்.மணிக்குமார், நீதிபதி ஷாஜி பி.சாலி அமர்வு மார்ச் 31-ல் வழி சொன்னது. இரட்டைப் பெயர்க்காரர்களின் பட்டியல் வாக்குச்சாவடி அதிகாரி கையில் இருக்கும். வருகிறவரைப் படம் பிடிப்பார்கள். வேறெங்கும் ஓட்டுப் போடவில்லை என்று அவர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். பிறகு ஓட்டு.

இந்தத் தீர்ப்பில் என் மனதைத் தொட்டது இதுதான்: பெயர் இரண்டு முறை இருக்கிறது என்பதற்காக ஒருவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. பட்டியலில் நடந்த பிசகுக்காகக் கூலிக்காரரின் ஓட்டைப் பறிப்பது பெரிய அநியாயம். அதற்கு நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் அது கேரளத்துக்குள் இரட்டித்த பெயர்களுக்கான ஏற்பாடு. ஒரு பெயர் தமிழ்நாட்டுப் போடியிலும் இன்னொன்று கேரளத்து உடும்பஞ்சோலையிலும் இருந்தால்? இரண்டு மாநிலப் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும். அந்த ஏப்ரல் 6-ல் இரு மாநிலங்களிலும் ஒரே நாளில் ஓட்டுப்பதிவு.

இப்படி எல்லை தாண்டி இரட்டித்த பெயர்களுக்குக் காவல் இடது ஆள்காட்டி விரலில் வைக்கும் மைதான். மைசூர் ஆலையில் செய்யும், வெள்ளி நைட்ரேட் கலந்த மை. 1962 தேர்தலிலிருந்து புழக்கத்தில் இருப்பது. வைத்தவுடன் துடைத்தால் பிடிக்காது. தோலில் ஊறி, வெளிச்சம் பட்டுக் கறுக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். அதனால் அந்தத் தேர்தலுக்கான நெறிமுறையில் இதையும் சேர்த்திருந்தார்கள்: மை காயும் வரை வாக்காளர் சாவடியை விட்டு வெளியே போகக் கூடாது.