தரை ஊடுருவும் ரேடார்: களத்தில் அமைத்தலும் இயக்கலும்

தரை ஊடுருவும் ரேடார் என்பது மண்ணைத் தோண்டாமலேயே அதனுள் இருப்பதை மின்காந்த அலைகளைக் கொண்டு அறிய உதவும் புவி இயற்பியல் கருவி. புதைந்த குழாய், மின்கேபிள், பழஞ்சுவர், பாறைத் தளம், பனிப்பாளத்தின் தடிமன், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஆகியவற்றைத் தேட இது பயன்படுகிறது. கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், பதிவின் தரம் அதைக் களத்தில் அமைத்து இயக்கும் விதத்தைப் பொறுத்தே அமையும். களத்தில் பதிவாகாமல் போன எதிரொலியைப் பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

செயற்படும் முறை

கருவியின் அனுப்பும் ஆன்டெனா மிகக் குறுகிய மின்காந்தத் துடிப்புகளை நிலத்துக்குள் செலுத்துகிறது. மண்ணின் மின்பண்பு மாறும் இடத்தில் அத்துடிப்பின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. வாங்கும் ஆன்டெனா அதைப் பதிவு செய்கிறது. போய்வர எடுத்துக்கொண்ட நேரம் நானோவினாடிகளில் அளக்கப்படும். ஒரு நானோவினாடி என்பது ஒரு வினாடியின் 100 கோடியில் ஒரு பங்கு.

வெற்றிடத்தில் இந்த அலை நானோவினாடிக்கு 0.3 மீட்டர் செல்லும். மண்ணில் வேகம் குறையும். மண்ணின் மின்பண்பைக் குறிக்கும் எண்ணான சார்பு விடுதிறனுக்கு (relative permittivity) வர்க்கமூலம் கண்டு, 0.3ஐ அதனால் வகுத்தால் அந்த மண்ணில் அலையின் வேகம் கிடைக்கும். காய்ந்த மணலின் சார்பு விடுதிறன் சுமார் 4. ஆகவே வேகம் 0.15 மீட்டர். நீருக்கு அது 80 அளவில் இருப்பதால் வேகம் 0.033 மீட்டராகச் சரிகிறது. மண்ணில் ஈரம் ஏற ஏற அலை மெதுவாகச் செல்வது இதனால்தான். வேகம் 0.1 மீட்டராக உள்ள மண்ணில் 40 நானோவினாடியில் திரும்பும் எதிரொலி 2 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. போன தூரமும் வந்த தூரமும் சேர்ந்து 4 மீட்டர்.

வரலாறு

மின்காந்த அலைகளால் நிலத்தடிப் பொருள்களைத் தேடும் முறைக்கு லைம்பாக், லோவி ஆகிய இருவரும் 1910இல் காப்புரிமை கோரினர். 1929இல் ஆஸ்திரியாவில் பனியாறு ஒன்றின் ஆழத்தை ஸ்டெர்ன் என்பவர் இம்முறையில் அளந்தார். 1970களில் இது வணிகக் கருவியாகப் பரவியது. 1972இல் அப்பல்லோ 17 பயணம் நிலவின் அடித்தளத்தை ஆராயும் ரேடியோ அலைக் கருவிகளைக் கொண்டு சென்றது. 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்செவரன்ஸ் ஊர்தியின் அடியில் ரிம்ஃபாக்ஸ் என்னும் தரை ஊடுருவும் ரேடார் பொருத்தப்பட்டுள்ளது.

கருவியின் உறுப்புகள்

களத்துக்குச் செல்லும் ஒரு தொகுதியில் ஆன்டெனாப் பெட்டி, கட்டுப்பாட்டகம், திரை, பேட்டரி, தூரம் அளக்கும் சக்கரம், இவற்றைத் தாங்கும் தள்ளுவண்டி ஆகியவை இருக்கும். பெரிய பரப்புகளில் செயற்கைக்கோள் இடங்காட்டியும் இணைக்கப்படும். பொதுவாக 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்கள் உலோக உறையிட்டவை. உறை இருப்பதால் அலை பெரும்பாலும் கீழ்நோக்கியே செல்கிறது. தாழ்ந்த அதிர்வெண் ஆன்டெனாக்கள் நீளமானவை; அவற்றில் பல உறையற்றவை. அவை பக்கத்து மரம், வேலி, மின்கம்பி ஆகியவற்றின் எதிரொலிகளையும் வாங்கிவிடும்.

அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்தல்

அதிர்வெண் உயர்ந்தால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். தாழ்ந்தால் ஆழம் கூடும், நுணுக்கம் குறையும். கான்கிரீட்டுக்குள் கம்பியைத் தேட 1,600 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் ஏற்றது. அதன் எல்லை அரை மீட்டருக்குள் நின்றுவிடும். சாலையடிக் குழாய்களுக்கும் தொல்லியல் தேடலுக்கும் 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் பொருந்தும். சாதகமான மண்ணில் 2 முதல் 4 மீட்டர் வரை காணலாம். பாறைத் தளத்தையும் பனியாற்றையும் ஆராய 100 மெகாஹெர்ட்ஸும் அதற்குக் கீழும் வேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரு பரப்புகளைப் பிரித்துக் காட்ட அவற்றுக்கிடையே அலைநீளத்தில் கால் பங்காவது இடைவெளி வேண்டும். வேகம் 0.1 மீட்டராக உள்ள மண்ணில் 400 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 25 சென்டிமீட்டர். அங்கே 6 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு அடுக்குகள் ஒன்றாகவே தெரியும்.

மண்ணின் இயல்பு

மின்சாரத்தை நன்கு கடத்தும் மண் ரேடார் அலையை விழுங்கிவிடும். ஈரக் களிமண், கரிசல், உவர் நிலம், கடல்நீர் ஏறிய மணல் ஆகியவற்றில் அலை ஒரு மீட்டர் இறங்குவதே அரிது. காய்ந்த மணல், சரளை, கருங்கல், நன்னீர்ப் பனிக்கட்டி ஆகியவை நல்ல ஊடகங்கள். ஆகவே கருவியை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மண் என்ன வகை, அண்மையில் மழை பெய்ததா, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று விசாரித்துவிட வேண்டும். பொருந்தாத மண்ணில் ரேடாரை இயக்கிவிட்டு, 'கீழே ஒன்றும் இல்லை' என்று அறிக்கை எழுதுவது பெரும் பிழை.

களத்தை ஆயத்தம் செய்தல்

முதலில் களத்தை நடந்து பார்க்க வேண்டும். சாலையானால் ஆள்நுழை குழி மூடிகள், வால்வுப் பெட்டிகள், மின்கம்பங்கள், அண்மையில் தோண்டி மூடிய தடம் ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்க வேண்டும். புல்லை வெட்டி, கல்லை அகற்றித் தரையைச் சீராக்க வேண்டும். ஆன்டெனா தரையை ஒட்டியே செல்ல வேண்டும். புல்மேட்டில் ஏறித் தூக்கிக்கொண்டால், அலையின் பெரும்பகுதி தரைக்குள் இறங்காமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும்.

அடுத்து அளவுக் கயிறு கட்டி, கட்டம் அமைக்க வேண்டும். தேடும் பொருள் போகும் திசைக்குக் குறுக்காகக் கோடுகள் அமைய வேண்டும். குழாய்க்கு இணையாக வண்டியைத் தள்ளினால், அது தட்டையான மண்ணடுக்கு போலத் தோன்றி ஏமாற்றும். திசை தெரியாதபோது, குறுக்கும் நெடுக்குமாக இரு தொகுதிக் கோடுகளை எடுக்க வேண்டும். தொல்லியல் களங்களில் கோடுகளுக்கிடையே 25 முதல் 50 சென்டிமீட்டர் விடுவது வழக்கம்.

கருவியை அமைத்தல்

கேபிள்களை இணைத்த பின்னரே மின்சாரம் தர வேண்டும். இயங்கத் தொடங்கியதும் 10 முதல் 15 நிமிடம் வரை கருவியைச் சூடேற விட வேண்டும்; அதற்குள் பதிவைத் தொடங்கினால் பதிவில் தரையின் மேற்பரப்பைக் காட்டும் கோடு மெல்ல நகரும்.

தூரம் அளக்கும் சக்கரத்தைச் சரிபார்ப்பது அடுத்த வேலை. 20 மீட்டர் நாடாவை விரித்து, வண்டியை நேராகத் தள்ளி, திரையில் தெரியும் தூரத்தோடு ஒப்பிட வேண்டும். 2 விழுக்காடு பிழை சிறிதாகத் தோன்றலாம். 50 மீட்டர்க் கோட்டின் முடிவில் அது ஒரு மீட்டர் ஆகிவிடும். குழாய் ஓரிடத்தில் இருக்க, தோண்டும் குழி வேறிடத்தில் விழும். சக்கரத்தில் சேறு அப்பினால் அதன் சுற்றளவு கூடும். அப்போது கருவி காட்டும் தூரம் உண்மையைவிடக் குறையும். ஆகவே ஈரமான களத்தில் சக்கரத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

பிறகு நேரச் சாளரத்தை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் கருவி எதிரொலியைப் பதிவு செய்யும் நேரத்தை, முடிவு செய்ய வேண்டும். எதிர்பார்க்கும் ஆழத்தை இரட்டித்து, வேகத்தால் வகுத்து, 1.3 ஆல் பெருக்குவது நடைமுறை. 2 மீட்டர் ஆழத்துக்கும் 0.1 மீட்டர் வேகத்துக்கும் 52 நானோவினாடி வரும். 60 என வைப்பது நலம். பதிவுகளுக்கிடையே 2 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளி போதும். எதிரொலிகளின் உச்சி வெட்டுப்படாத அளவுக்கே சைகையின் பெருக்கத்தைக் கூட்ட வேண்டும்.

இயக்குதல்

ஆழம் தெரிந்த குழாயோ வடிகாலோ இருந்தால் முதற்கோட்டை அதற்குக் குறுக்காக ஓட்டிப் பார்க்க வேண்டும். அது திரையில் தெளிவாகத் தெரிந்த பிறகே களத்துக்குள் செல்ல வேண்டும். நடை சீராக இருக்க வேண்டும். கைபேசியையும் வாக்கிடாக்கியையும் ஆன்டெனாவிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் எண், தொடங்கிய முனை, திசை, வழியில் வந்த தடை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் கையால் எழுத வேண்டும். திசை குறிக்கப்படாத ஒரு கோடு முழுக் கட்டத்தையும் குழப்பிவிடும்.

பதிவைப் படித்தல்

குழாய் திரையில் வட்டமாகத் தெரியாது. கவிழ்த்த கிண்ணம் போன்ற அதிபரவளையமாகத் தெரியும். அலை கூம்பாக விரிந்து இறங்குவதால், வண்டி குழாயை நெருங்கும்போதே சாய்வான பாதையில் எதிரொலி வரத் தொடங்கும். சாய்ந்த பாதை நீளமானது; ஆகவே புள்ளி ஆழத்தில் விழும். வண்டி நெருங்க நெருங்கப் புள்ளி மேலேறும், நேர் மேலே வந்ததும் உச்சியைத் தொடும், கடந்ததும் இறங்கும். அந்த உச்சியே குழாய் இருக்கும் இடம். வளைவின் விரிவைக் கொண்டு மண்ணில் அலையின் வேகத்தைக் கணக்கிடலாம். குழாயைச் சாய்வாகக் கடந்தால் வளைவு விரிந்து, வேகமும் ஆழமும் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். வளைவு தரும் வேகம் 0.3 மீட்டரை ஒட்டி வந்தால், அது தலைக்கு மேல் செல்லும் மின்கம்பியின் எதிரொலியாக இருக்கக்கூடும்.

பயன்பாடுகள்

நார்வேயின் யெல்லெஸ்டாட்டில் 2018இல் வயலின் மேற்பரப்புக்குச் சுமார் அரை மீட்டர் அடியில் 20 மீட்டர் நீளமுள்ள வைக்கிங் கப்பலின் வடிவம் ரேடாரில் தெரிந்தது. இத்தாலியில் ஃபலேரி நோவி என்னும் ரோமானிய நகரின் 30.5 ஹெக்டேர் பரப்பை, நாற்சக்கர மோட்டார் வண்டியில் இழுத்த ரேடாரால் கேம்பிரிட்ஜ், கெண்ட் (Ghent) பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரைந்து 2020இல் வெளியிட்டனர். கோயில், சந்தை, குளியற்கூடம் ஆகியவை மண் கலையாமலே புலப்பட்டன. யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் மனிதப் புதைகுழி அகழ்வின்போது 2025 ஆகஸ்டில் இக்கருவி பயன்பட்டது. உறவினரைத் தேடி ஆண்டுக்கணக்கில் காத்திருப்போருக்கு, இத்தகைய பதிவின் ஒவ்வொரு கோடும் பெரும் பொறுப்போடு எடுக்கப்பட வேண்டியது.

வரம்புகள்

இக்கருவி பொருளை அடையாளம் காட்டுவதில்லை. மண்ணின் மின்பண்பு மாறும் இடத்தை மட்டுமே காட்டுகிறது. கல், வேர், வெற்றிடம், பழைய குழி என எல்லாமே எதிரொலி தரும். நெருக்கமான கம்பி வலைக்கும் உலோகத் தகட்டுக்கும் அடியில் இருப்பது மறைந்துவிடும். ஆகவே சாலைப் பணியில் மின்கேபிள் கண்டறியும் கருவியையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். சோதனைக் குழி தோண்டி உறுதி செய்யும் வரை, வரைபடத்தில் அந்த இடத்தை 'எதிரொலி' என்றே குறிக்க வேண்டும். 'குழாய்' என்றோ 'கல்லறை' என்றோ குறிக்கக் கூடாது.