பொருந்தும் என்றொரு வாக்குறுதி

1908 பிப்ரவரி மாதக் கடைசி. லண்டனுக்குப் பக்கத்தில் ப்ரூக்லாண்ட்ஸ் என்ற கார்ப் பந்தயத் தடம். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் அங்கே ஒரு விநோதமான சோதனை நடந்தது. அமெரிக்காவில் செய்த மூன்று கேடிலாக் கார்களை முதலில் தடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு கொட்டகைக்குள் தள்ளி, ஒரு நட்டு விடாமல் கழற்றினார்கள். ஒவ்வொரு காரிலும் 721 பாகங்கள். மூன்று கார்களின் பாகங்களையும் ஒரே குவியலாகப் போட்டுக் கலந்தார்கள். அது போதாது என்று, மிகத் துல்லியமாக அமைய வேண்டிய 89 பாகங்களைக் குவியலில் இருந்து எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, விற்பனையாளரின் கடை இருப்பில் இருந்து புதியவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பிறகு மெக்கானிக்குகளிடம் ஸ்பானரையும் திருப்புளியையும் மட்டும் கொடுத்து, 'இப்ப மாட்டுங்க' என்றார்கள். அரம் கிடையாது, சுத்தியலால் தட்டிச் சரிசெய்யும் வேலை கிடையாது. மூன்று கார்களும் மறுபடி எழுந்து நின்றன. தடத்தில் 500 மைல் ஓடியும் காட்டின. அந்தச் சாதனைக்காக கேடிலாக் நிறுவனத்துக்கு டிவார் கோப்பை கிடைத்தது.

இதில் என்ன அதிசயம் என்று இன்றைக்குத் தோன்றலாம். அன்றைக்கு அது அதிசயம்தான். அக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவை கையால் பொருத்தப்பட்டவை. கம்பெனியில் இருந்து புதுப் பாகம் வந்தாலும் அது நேராகப் போய் உட்காராது. ஒரு கைதேர்ந்த ஆள் அரத்தை எடுத்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தேய்த்து, அந்த ஒரு காருக்கு மட்டும் பொருந்தும்படி ஆக்குவார். 'ஸ்பேர் பார்ட்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பொருள், அதாவது பெட்டியைப் பிரித்தவுடன் மாட்டக்கூடிய பாகம், அன்றைய உலகத்துக்குப் புதிது.

*

இந்தக் கதையை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு செட் பிரேக் பேட்.

என் சித்தப்பா சென்னையில் கால் டாக்சி ஓட்டுகிறார். வண்டி 2012 மாடல். முன் பிரேக்கில் கீச்சொலி வந்ததும், 'நீதான் போன்ல எல்லாம் வாங்குவியே, பாரு' என்றார். பார்த்தேன். தளத்தில் கம்பெனி, மாடல், ஆண்டு, டீசலா பெட்ரோலா என்று வரிசையாகக் கேட்டது. எல்லாவற்றையும் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தே நிரப்பினேன். ஒரு பச்சை டிக் விழுந்து, 'இந்தப் பாகம் உங்கள் வாகனத்துக்குப் பொருந்தும்' என்று வந்தது. ஆர்டர் போட்டேன். மூன்றாம் நாள் பொட்டலம் வந்தது.

ஷெட்டில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைத் திறந்து, பழைய பேடை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றில்லை. புதிய பேடின் இரண்டு காதுகளும் கொஞ்சம் நீளம். மூன்று மில்லிமீட்டர் இருக்கும். காலிப்பரின் பள்ளத்தில் அது இறங்கவே இல்லை. மெக்கானிக் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'இது வேற கம்பெனி காலிப்பருக்கு உள்ளது தம்பி. உங்க வண்டியில பாதி வருசம் ஒரு காலிப்பர் வந்துச்சு, பாதி வருசம் வேற வந்துச்சு.'

சித்தப்பா கிரைண்டரைப் பார்த்தார். 'லேசாத் தேய்ச்சா உக்காந்துடாதா?'

'வேற எதுவா இருந்தாலும் தேய்ச்சுப் போட்டுக் குடுத்துடுவேன்ணே. பிரேக்ல அந்த வேலை வேணாம்.'

வண்டி இரண்டு நாள் ஸ்டாண்டில் நின்றது. கால் டாக்சிக்காரருக்கு வண்டி நிற்பது என்றால் வருமானம் நிற்பது. தவணை நிற்காது. பேடின் விலையை விட அந்த இரண்டு நாள் விலை அதிகம்.

அந்தக் கிரைண்டரை அவர் பார்த்த பார்வைதான் எனக்குள் தங்கிவிட்டது. 1908-க்கு முந்தைய உலகம் நம் ஷெட்டின் மூலையிலேயே செருகி வைக்கப்பட்டிருக்கிறது. 'பொருந்தும்' என்ற வாக்கு எப்போது பொய்க்கிறதோ, அப்போது அரம் கைக்கு வருகிறது.

*

இந்த வாக்குறுதிக்கு வயது இருநூற்றைத் தாண்டும். அது காரில் தொடங்கவில்லை, துப்பாக்கியில் தொடங்கியது.

1785-ல் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒனொரே பிளாங் என்ற துப்பாக்கிக் கைவினைஞரின் பட்டறைக்குப் போனார். ஐம்பது துப்பாக்கி விசைகளைப் பிரித்து, பாகங்களைத் தனித்தனி அறைகளில் போட்டிருந்தார் பிளாங். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின. போர்க்களத்தில் ஒரு விசை உடைந்தால் துப்பாக்கியையே தூக்கிப்போட வேண்டாம், உடைந்த துண்டை மட்டும் மாற்றலாம். இதை அவர் ஊருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1798-ல், எலி விட்னி என்பவர் 10,000 துப்பாக்கிகள் செய்துதர அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டார். இரண்டே ஆண்டில் தருவதாகப் பேச்சு. தரவில்லை. 1801-ல் வாஷிங்டனுக்குப் போய், ஜான் ஆடம்ஸ், ஜெஃபர்சன் போன்ற பெரிய மனிதர்கள் முன்னால் விசைகளை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டினார். எல்லோரும் அசந்துபோனார்கள். அவகாசமும் பணமும் கிடைத்தன. கடைசித் துப்பாக்கி வந்து சேர்ந்தது 1809-ல்தான்.

அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் விட்னியைத்தான் இந்த முறையின் தந்தை என்று எழுதின. 1960-களை ஒட்டி ஆய்வாளர்கள் மிச்சமிருந்த விட்னி துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தார்கள். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. சில விசைகளில் எது எதோடு சேரும் என்று அடையாளக் குறிகள்கூட இருந்தன. குறி போட்டு வைக்கிறோம் என்றால், மாற்றிப் போட்டால் சேராது என்றுதானே அர்த்தம்? பொருளைவிட முந்திக்கொண்டு வாக்குறுதி சந்தைக்கு வந்துவிட்டது. பச்சை டிக்கின் தாத்தா என்று நான் அந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

நிஜமான வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் அவ்வளவாகப் புகழ் பெறவில்லை. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையில் ஜான் ஹால் 1820-களில், அளவுமானிகளைக் கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து, உண்மையிலேயே மாற்றிப் போடக்கூடிய துப்பாக்கிகளைச் செய்தார். 1834-ல் சிமியன் நார்த் என்பவர், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி கனெக்டிகட்டில் இருந்த தன் பட்டறையில், ஹாலின் துப்பாக்கிக்குப் பொருந்தும் பாகங்களைச் செய்துகாட்டினார். இரண்டு ஊர், இரண்டு பட்டறை, ஒரே பொருத்தம். இன்று ஒரு கம்பெனிக் காருக்கு இன்னொரு கம்பெனி பேட் செய்து விற்பதற்கான விதை அங்கே இருக்கிறது.

கேடிலாக்கை நடத்திய ஹென்றி லேலண்ட், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு பிரவுன் அண்ட் ஷார்ப் என்ற அளவுக்கருவி நிறுவனத்தில் பல ஆண்டுகள். துப்பாக்கிக்காரர்களின் துல்லியம் அவர் கை வழியாகத்தான் ப்ரூக்லாண்ட்ஸ் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

*

அதே 1908 அக்டோபரில் ஃபோர்டு மாடல் டி வெளியானது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். ஊர் ஊராக ஒரே கார். இதன் விளைவாக ஒரு புது வியாபாரம் பிறந்தது: தபாலில் ஸ்பேர். 1909-ல் கேன்சஸ் சிட்டியில் ஜார்ஜ் பெப்பர்டைன் என்பவர் தொடங்கிய 'வெஸ்டர்ன் ஆட்டோ', மாடல் டி சொந்தக்காரர்களுக்குத் தபாலில் பட்டியல் அனுப்பிப் பாகங்கள் விற்றது. சிகாகோவில் பழைய இரும்புக் கடையாக ஆரம்பித்த ஜே.சி. விட்னி, பின்னால் தடித்த தபால் பட்டியலாக வளர்ந்தது. இன்று நாம் போனில் செய்வதன் காகித வடிவம் அது. கடைக்காரர் வாங்குபவரின் வண்டியைப் பார்க்கவில்லை, வாங்குபவர் பாகத்தைப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு பட்டியல் மட்டும்.

கார் ஒரே மாதிரி இருந்தவரை பட்டியலுக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் வருடாவருடம் மாடலை மாற்றும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். போன வருடத்துக் கார் பழசாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் புதுசு விற்கும். அது விற்பனைத் தந்திரம். ஸ்பேர்ஸ் கடைக்காரருக்கோ தலைவலி. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

பெயர் போதாது என்றான பிறகு எண் வந்தது. அமெரிக்காவில் 1981 மாடல் வண்டிகளில் இருந்து 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் கட்டாயமானது. நாம் சேசிஸ் நம்பர் என்கிறோமே, அதுவும் இன்று அந்தப் பதினேழு இடக் கணக்குதான். அதில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால். தப்பான பாகம் போய்ச் சேரக்கூடாது என்ற கவலை எழுத்துகளைக்கூடத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

*

நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. சுதந்திரத்துக்குப் பின் முப்பது வருடங்களுக்கும் மேலாக இங்கே ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணலாம்: அம்பாசடர், ஃபியட், நம் சென்னைக்குப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து பிறந்த அம்பாசடர், 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை ஏறக்குறைய அதே உடம்போடு வந்தது. ஒரு கவுண்டர்காரர் தன் ஆயுளில் மொத்தப் பட்டியலையும் தலைக்குள் ஏற்றிவிடலாம்.

மாரிசன் மகனைப் போல அமைதியாக இருந்த அந்தச் சந்தையை 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 கலைத்தது. அந்தப் பெயரே ஒரு பாடம். 1986-ல் உடம்பு மாறியது. 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பின்புறத்தில் எழுதியிருந்தது எல்லாவற்றிலும் '800' தான். 'மாருதி 800-க்கு ஒரு ஃப்யூயல் பம்ப்' என்று கேட்டால், கடைக்காரர் பதில் சொல்ல மாட்டார், எதிர்க் கேள்வி கேட்பார்: 'கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.-யா?'

அந்த எதிர்க் கேள்விதான் நான் சொல்ல வருவது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுப் புது ஸ்பேர்ஸ் கடைகளிலோ, புதுப்பேட்டையின் பழைய ஸ்பேர்ஸ் சந்துகளிலோ போய் நின்றால் முதலில் கேட்பது, 'பழசக் கொண்டாந்தியா?' என்பதுதான். சித்தப்பாவின் பழைய பேடை எடுத்துக்கொண்டு நானும் போனேன். கவுண்டரில் இருந்த பெரியவர் அதை வாங்கி, பின்பக்கத் தகட்டை விரலால் தடவி, காதை ஒருமுறை பார்த்து, 'வருசம் சொல்லாத தம்பி, மாசம் சொல்லு' என்றார். சொன்னேன். உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். பழசின் மேல் புதுசை வைத்துக் காட்டினார். வரி பிசகாமல் உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் காசு வாங்கினார்.

அவர் சம்பளத்தில் பாதி பேடுக்கு இல்லை, அந்தக் கேள்விக்கு. இணையக் கடை விலை குறைவாகத் தருகிறது, உண்மை. அந்தக் குறைவில் ஒரு பங்கு, இந்தக் கேள்வி கேட்கும் ஆளை எடுத்துவிட்டதால் வந்தது. கேள்வி காணாமல் போகவில்லை. வாங்குபவர் தலைக்கு வந்திருக்கிறது. பதில் தப்பானால் அதற்கான செலவும் அவர் தலைக்கே. பட்டியலில் 'ஆண்டு 2012' என்று ஒரு கட்டம் இருக்கிறது, 'எந்த மாதம், எந்தக் காலிப்பர்' என்று கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தை யாராலும் நிரப்ப முடியாது.

*

திருப்பி அனுப்பும் படலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'பாக்கெட் பிரிக்கப்பட்டதால் ஏற்க இயலாது' என்று விற்பனையாளர் பதில் போட்டார். பிரிக்காமல் பேட் பொருந்துமா என்று எப்படித் தெரியும்? 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பச்சை டிக் இருந்த பக்கத்தின் படம், பழைய பேடையும் புதியதையும் சேர்த்துவைத்து எடுத்த படம், இரண்டையும் இணைத்து எழுதினேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். மூன்று வாரத்தில் பணம் வந்தது. வண்டி நின்ற இரண்டு நாளுக்கு எதுவும் வரவில்லை.

நீங்களும் வாங்குவீர்கள். வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பழைய பாகத்தில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரைப் படித்து, அதை வைத்துத் தேடுங்கள். இல்லையென்றால் சேசிஸ் நம்பரை விற்பனையாளருக்கு அனுப்பி, 'இதற்குச் சேருமா?' என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வண்டியைப் பிரிக்கும் முன் பொட்டலத்தைப் பிரித்து அளந்து பாருங்கள்.

ப்ரூக்லாண்ட்ஸில் அன்று கிளப் அதிகாரிகள் விற்பவரின் பேச்சை நம்பவில்லை. கழற்றி, கலந்து, பூட்டி, 500 மைல் ஓட்டிய பிறகுதான் கோப்பை கொடுத்தார்கள். இன்று அந்தச் சோதனை நடக்கும் இடம் தெருவோர ஷெட். ஜாக்கியில் நிற்பது யாரோ ஒருவரின் அன்றாடப் பிழைப்பு. வண்டி வெளியே வந்ததும் சித்தப்பா முதலில் செய்தது, ஆளில்லாத சந்தில் வேகமெடுத்து, பிரேக்கை ஓங்கி ஒரு மிதி. நின்றது. அப்புறம்தான் ஆப்பை ஆன் செய்தார்.