தளர்த்தத் தெரிந்தவர்களின் கதை: பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகளுக்காக



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது பிசியோதெரபி படிக்கிறார்கள். "டாக்டர் படிப்பு மாதிரி அவ்வளவு கஷ்டம் இருக்காது" என்று சொல்லித்தான் பெரும்பாலும் சேர்த்துவிடுகிறோம். சேர்ந்த பிறகு தெரிகிறது. முதல் ஆண்டிலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் வந்துவிடும். ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டும். அடுத்து வார்டு. பக்கவாதம் வந்த பெரியவரைத் தாங்கி நடக்க வைக்க வேண்டும். வலியில் கத்துபவரின் முழங்காலை மடக்க வேண்டும். இதற்கு நடுவில் வெளித்தேர்வாளர் முன்னால் செய்முறைத் தேர்வு.

என்னிடம் படித்த ஒருவரின் மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தேர்வு நேரத்தில் பேசியபோது, "நாலு நாளாத் தூக்கமே இல்லை தாத்தா. கை நடுங்குது. இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவருமான்னே தெரியலை" என்றாள். "உன் பாடத்தில் ரிலாக்சேஷன் என்று ஒன்று இருக்குமே?" என்று கேட்டேன். "இருக்கு தாத்தா, அடிக்கடி கேள்வி வரும்" என்றாள். "நீ செய்து பார்த்திருக்கிறாயா?" "அது பேஷண்டுக்குச் சொல்லிக்கொடுக்கறதுதானே!"

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. அவள் தேர்வுக்காக உருப்போட்ட பாடத்தின் வரலாறே ஒரு மாணவரிடம்தான் தொடங்குகிறது.

அவர் பெயர் எட்மண்ட் ஜேக்கப்சன். 1908-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் மனிதன் திடுக்கிடுகிறானே, அதை ஆராய்ந்தார். தசைகளை நன்றாகத் தளர்த்தியிருந்தவர்கள் அதே சத்தத்துக்கு அவ்வளவாகத் திடுக்கிடவில்லை என்பதைக் கண்டார். மனம் பதறினால் உடல் இறுகும் என்பது எல்லாருக்கும் தெரியும். உடலை இறுக்கத்திலிருந்து விடுவித்தால் மனமும் பதறாது என்ற மறுபக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார்.

பின்னர் மருத்துவமும் படித்துவிட்டு சிகாகோவில் ஆய்வைத் தொடர்ந்தார். தசையில் எழும் மிக நுண்ணிய மின்சாரத்தை அளக்கும் கருவிகளைப் பயன்படுத்தினார். கையை மடக்குவதாக மனத்தில் நினைத்தாலே போதும், அசையாத அந்தக் கையின் தசையில் மின்சாரம் எழுவதை அளந்து காட்டினார். நாளைய தேர்வை இன்றிரவு படுக்கையில் நினைத்துக்கொண்டே கிடந்தால் உடம்பு ஏன் ஓய்வதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. 1929-ல் மருத்துவர்களுக்காக 'படிப்படியான தளர்வு' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். 1934-ல் பொதுமக்களுக்காக இன்னொரு நூல் எழுதினார்.

முறை எளிது. ஒரு தசையை இறுக்கு, அந்த இறுக்கம் எப்படி இருக்கிறது என்று கவனி, பிறகு விட்டுவிடு. நம் பள்ளி மைதானத்தில் 'அட்டென்ஷன்' என்றதும் விறைத்து நிற்பீர்கள், 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' என்றதும் தோள் இறங்கும். அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு தசையிலும் உணரப் பழகுவதுதான் இது. ஜேக்கப்சன் இதற்குப் பல மாதப் பயிற்சி கொடுத்தார். தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் அதைச் சுருக்கி, அச்சத்தைப் போக்கும் சிகிச்சையில் சேர்த்து, 1958-ல் நூலாக்கினார்.

இனி பிசியோதெரபியின் பக்கம் வருவோம். 1894-ல் லண்டனில் நான்கு செவிலியர்கள் கூடித் தங்கள் மசாஜ் தொழிலின் மதிப்பைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1920-ல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம் அதன் வழி வந்ததுதான். பிரசவ வலிக்கு அச்சமும் இறுக்கமும் காரணம் என்று மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் எழுதியபோது, கர்ப்பிணிகளுக்குத் தளர்வைக் கற்பித்தவர்களில் ஹெலன் ஹியர்ட்மன் என்ற பிசியோதெரபிஸ்ட் முக்கியமானவர். அவருடைய நூல் 1948-ல் வந்தது. நம் கல்லூரிகளில் புரளும் டெனா கார்டினரின் உடற்பயிற்சி சிகிச்சை நூலிலும் தளர்வு ஒரு தனிப்பாடம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் லாரா மிட்செல். இவரும் ஆங்கிலேய பிசியோதெரபிஸ்ட். தன் முறையை 1977-ல் நூலாக வெளியிட்டார். ஒரு தசை வேலை செய்யும்போது அதன் எதிர்த்தசை தானாகவே தளர்கிறது. இதை நிறுவியவர் 1932-ல் நோபல் பரிசு பெற்ற ஷெரிங்டன். முதலாண்டு மாணவர்களுக்கும் தெரிந்த விதிதான். மிட்செல் இதை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவந்தார். கவலைப்படுகிறவனைப் பாருங்கள்: தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், விரல்கள் மடங்கியிருக்கும், தாடை கடித்திருக்கும். "தளர்ந்து இரு" என்று சொன்னால் அவனால் முடியாது. அதனால் அவர் எதிர்த்தசைக்குக் கட்டளை கொடுத்தார். தோளைப் பாதத்தை நோக்கி இறக்கு. நிறுத்து. இப்போது எப்படி இருக்கிறது என்று உணர். இப்படியே விரல்களை நீட்டு, தாடையைக் கீழே இறக்கு. மூன்றே படி.

நம் நாட்டின் கதையும் உண்டு. 1953-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பிசியோதெரபிப் பள்ளி தொடங்கியது. அதே மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் டாட்டேயும் அவர் குழுவினரும், உயர் ரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சவாசனம் பயிற்றுவித்து, அதன் பலனை 1969-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பாட்டி காலத்துச் சவாசனமும் சிகாகோ ஆய்வுக்கூடமும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

இந்த வரலாற்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். தளர்வு ஒரு கைத்திறன். படித்தால் வராது, பழகினால்தான் வரும். ஆசிரியர் பயிற்சியில் எங்களை முதலில் கரும்பலகையில் எழுதிப் பழகச் சொன்னார்கள். பிறகுதான் வகுப்புக்கு அனுப்பினார்கள். அதுபோல நோயாளிக்குச் சொல்லித்தரும் முன் நீங்கள் பழகுங்கள். தினமும் பத்து நிமிடம் படுத்துக்கொண்டு, கை, தோள், முகம், வயிறு, கால் என்று வரிசையாக, ஐந்தாறு விநாடி இறுக்கி, அரை நிமிடம் விடுங்கள். மூச்சை அடக்காதீர்கள். வலியுள்ள இடத்தை இறுக்க வேண்டாம். தேர்வுக்கு முந்திய இரவில் புதிதாகத் தொடங்கினால் பலன் தெரியாது. சில வாரம் முன்பே தொடங்குங்கள். தேர்வு அறை வாசலில் நிற்கும்போது மிட்செலின் தோள் இறக்கம் போதும். யாருக்கும் தெரியாமலே செய்யலாம். உங்கள் கை தளர்ந்திருந்தால்தான் நோயாளியும் உங்களை நம்பி உடம்பைத் தளரவிடுவார்.

இதனால் பாடச்சுமை குறையாது. பட்டினியையும் கண்விழிப்பையும் இது ஈடுகட்டாது. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வில் பிடிப்பு இல்லை என்று தோன்றினாலோ, உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விடுதிக்குப் போன் செய்தால் "எவ்வளவு மார்க்?" என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேளுங்கள். தோளை இறக்க அந்தக் கேள்வியும் உதவும்.

வாழ்க வளமுடன்.