மெட்டு இல்லாத வீணை

வல்லத்தில் தச்சுவேலை செய்யும் என்னிடம் மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் கேட்டு வருகிறார்கள். ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு பரப்பிய வாத்தியம் அது. இரும்புத் துண்டைக் கம்பிமேல் வழுக்கினால் சுரம் இழைந்து வரும்.

அதே வித்தை தமிழ்நாட்டிலும் இருக்கிறது: கோட்டுவாத்தியம், சித்திரவீணை என்றும் சொல்வார்கள். மராட்டிய மன்னர்கள் ஆதரித்த தஞ்சை இசைமரபில் வந்த திருவிடைமருதூர் சகாராமராவ் இதைப் பிரபலப்படுத்தினார். பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் பயின்றவர்.

கோட்டுவாத்தியத்துக்கும் வீணையைப் போலப் பலாமரக் குடம்தான். ஆனால் மெழுகில் மெட்டுப் பதிக்கும் வேலை இல்லை. கம்பி 21: வாசிக்க 6, தாளத்துக்கு 3, அடியில் தானாக அதிர 12. இடது கையில் கருங்காலிக் கட்டை. மெட்டு வழிகாட்டாததால் மயிரிழை பிசகினாலும் சுருதி விலகும், காதுதான் காவல். பலகை வாங்கும்போதும் அப்படித்தான், நான் விரலால் தட்டிப் பார்ப்பேன். 'டொக்' என்று அடைத்தால் தள்ளிவிடுவேன், 'ணங்' என்றால்தான் காசு.

கிட்டார் செய்து தருகிறேன், தம்பிகளே. அதற்குமுன் ஒருமுறை ரவிகிரண் வாசிக்கும் சித்திரவீணையைக் கேட்டுவிட்டு வாருங்கள்.