பாண்டி பஜார் நடைபாதை: வணிகமும் உரிமையும்

சாலையோர வணிகத்தை நகர வளர்ச்சியின் பிற்காலக் கேடாகக் கருதுவோர் உளர். இலக்கியச் சான்றுகள் இக்கருத்துக்கு அரண் செய்யவில்லை. மதுரைக்காஞ்சி பகற்கடைகளாகிய நாளங்காடியையும் இரவுக்கடைகளாகிய அல்லங்காடியையும் விவரிக்கின்றது. சிலப்பதிகாரம் காட்டும் புகாரின் நாளங்காடியோ, மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட சோலையில், மரங்களையே கடைக்கால்களாகக் கொண்டு அமைந்தது. வணிகத்திற்கெனப் பொதுவிடம் ஒதுக்கும் மரபு தொன்மையானது என்பது இதனால் பெறப்படும். இம்மரபு தற்கால நகரில் எங்ஙனம் சிக்கலாயிற்று என்பதைச் சென்னைப் பாண்டி பஜார் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது மாம்பலம் ஏரிப்பகுதியில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. அதன் கடைத்தெரு, சுயமரியாதை இயக்கத்தவரான ஊ. பு. அ. சௌந்திரபாண்டியனார் பெயரைப் பெற்று, மக்கள் வழக்கில் பாண்டி பஜார் ஆயிற்று. பெருங்கடைகளின் முகப்பை ஒட்டி, பூ, வளையல், ஆடை விற்போர் நடைபாதையில் கடை விரித்தனர். பெருங்கடையை நாடி வந்தோரே இவர்களுக்கும் வாடிக்கையாளர் ஆயினர். நடப்போருக்கு இடம் குறுகியதும் உண்மையே.

நடைபாதை வணிகம், தக்க கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசமைப்பின் 19(1)(எ) பிரிவுவழி அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. எனினும் குறிப்பிட்டதோர் இடத்தை எவரும் உரிமையாகக் கோர இயலாது என்றும் அது வரையறுத்தது. தொழிலுக்கு உரிமை உண்டு, இடத்திற்கு இல்லை என்னும் இவ்விடைவெளியே பின்னைய பூசல்களுக்குக் களமாயிற்று. நெடிய வழக்குகளுக்குப்பின் 2013இல் பாண்டி பஜார் வணிகர்கள் அடுக்குமாடி வளாகத்திற்கு மாற்றப்பட்டனர்.

2014 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்த தெரு வணிகர் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை வெளியேற்றத்தைத் தடுத்தது. நகர விற்பனைக் குழுவில் வணிகர்க்கு 40 விழுக்காட்டிற்குக் குறையாத இடமளித்தது. பாண்டி பஜார் இடமாற்றமோ அதற்குச் சில திங்கள் முன்னரே முடிந்திருந்தது. 2019 நவம்பரில் அச்சாலை அகன்ற நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது.

நடப்போர் இழந்த இடம் மீண்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சாலையோர வணிகம் வழிப்போக்கரின் பார்வையில் படுவதால் வாழ்வது. மாடியேறிய கடை அவ்வியல்பை இழக்கின்றது. நடைபாதை குறுகியிருந்தபோது வணிகர் அகற்றப்பட்டனர்; அஃது அகன்றபின் அவர்க்குரிய பங்கு யாது என்பதே இன்றைய வினா. இடத்தையும் பொழுதையும் பகுத்தளித்த பழந்தமிழ் அங்காடி முறை இதற்குத் தக்கதொரு முன்மாதிரியாகும்.