வழக்கு இல்லாத சிறை

ஆட்கொணர்வு மனுப் போடுவது என் தொழில். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, தம்புச் செட்டித் தெருவில் என் அலுவலகம். படியேறி வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாய், மனைவி, சில நேரம் அக்கா. கையில் தடித்த காகிதக் கட்டு ஒன்று இருக்கும். தடுப்புக் காவல் ஆணை, அதற்கான காரணங்கள், முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் என்று எல்லாவற்றின் நகலையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். “குண்டாஸ் போட்டுட்டாங்கம்மா, எத்தனை மாசம் தண்டனை?” என்று கேட்பார்கள். இது தண்டனை இல்லை, வழக்கே இன்னும் நடக்கவில்லை என்று சொன்னால் விழிப்பார்கள். குற்றம் செய்தான் என்று நிரூபிக்காமல், இனிமேல் செய்வான் என்ற ஊகத்தின் பேரில் ஒருவனை ஓராண்டு அடைத்துவைக்கலாம் என்பது சாதாரண மனிதரின் நியாய புத்திக்கு ஏறாது. ஆனாலும் இந்த நாட்டில் அந்த வழக்கத்துக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது.

1818-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் மூன்றாம் ஒழுங்குவிதி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்கும் அதே மாதிரி ஒன்று வந்தது. ஒருவர்மீது வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லாவிட்டாலும், அல்லது வழக்குத் தொடர்வது உசிதமில்லை என்று அரசு கருதினாலும், அரசின் நலன் கருதி அவரை அடைத்துவைக்கலாம் என்பது அதன் சாரம். பதவியிழந்த ராஜாக்களையும் கலகம் செய்யும் குறுநிலத் தலைவர்களையும் மனத்தில் வைத்து எழுதிய விதி அது. ராஜாக்கள் ஓய்ந்தபின் விதி ஓயவில்லை. 1872-இல் நாம்தாரி சீக்கியர்களின் குரு ராம் சிங்கை ரங்கூனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் ஊர் திரும்பவே இல்லை. 1907-இல் லாலா லஜபதி ராயை மாந்தளைக்கு அனுப்பியதும் இதே விதியின் கீழ்தான்.

சென்னையில் இது பெரும் கொந்தளிப்பாக வெடித்தது 1917-இல். முதல் உலகப் போருக்கென்று வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்ட விதிகளைக் கொண்டு, ஆளுநர் பென்ட்லண்டின் அரசு அந்த ஜூன் மாதம் அன்னி பெசன்டையும் அவருடைய தோழர்கள் அருண்டேல், வாடியா இருவரையும் காவலில் வைத்தது. பெசன்ட் ஊட்டியில் இருந்தார். அப்போது பெசன்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் இருந்தவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். அவர் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் அரசு அதைப் பெரிய துரோகமாகக் கண்டது. அவர் தமக்குத் தந்திருந்த சர் பட்டத்தைத் துறந்தார். இளைய வழக்கறிஞர்களிடம் இந்தக் கதையை நான் விடாமல் சொல்வதுண்டு. செப்டம்பரில் பெசன்ட் விடுதலையானார், அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் தலைவரும் ஆனார்.

போர் முடிந்தது. போருக்கென்று வந்த அதிகாரத்தைக் கைவிட அரசுக்கு மனமில்லை. போர் முடியுமுன்பே ரௌலட் குழு அமைந்திருந்தது. அதில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரியும் ஓர் உறுப்பினர். ஒரே நீதிமன்றத்திலிருந்து ஒருவர் பட்டத்தைத் துறக்கிறார், இன்னொருவர் விசாரணையில்லாச் சிறைக்குப் பரிந்துரை எழுதுகிறார். 1919 மார்ச்சில் சட்டம் நிறைவேறியபோது காந்தி சென்னையில், கதீட்ரல் சாலை பங்களா ஒன்றில் தங்கியிருந்தார். உபசரித்தவர் ராஜாஜி. சேலத்திலிருந்து குடிபெயர்ந்து அப்போதுதான் சென்னைக்கு வந்திருந்தார். விடியற்காலையில், தூக்கமும் விழிப்புமான நிலையில், நாடு முழுவதும் கடையடைத்து உண்ணாவிரதம் இருக்கலாம் என்ற யோசனை காந்திக்குத் தோன்றியது. அதை அவர் முதலில் சொன்னது ராஜாஜியிடம். ஏப்ரல் 6-ஆம் தேதி நாடு அடங்கி நின்றது. அமிர்தசரஸில் 10-ஆம் தேதி டாக்டர் கிச்லுவையும் டாக்டர் சத்யபாலையும் விசாரணையின்றி ஊரைவிட்டு அப்புறப்படுத்தினார்கள். அதிலிருந்து மூண்டதுதான் 13-ஆம் தேதி ஜாலியன்வாலாபாகில் முடிந்தது. 1922-இல் ரௌலட் சட்டத்தை அரசே விலக்கிக்கொண்டது. அதன் உட்பொருள் மட்டும் வேறு வேறு பெயர்களில் தொடர்ந்தது.

வங்காளத்தில் 1932 முதல் 1937 வரை ஆளுநராக இருந்தவர் சர் ஜான் ஆண்டர்சன். அவர் காலத்தில் ஆயிரக்கணக்கான வங்காள இளைஞர்கள் பக்ஸா, தேவ்லி போன்ற முகாம்களில் விசாரணையின்றிக் கிடந்தார்கள். அதே ஆண்டர்சன் ஊர் திரும்பி, போர்க் காலத்தில் பிரிட்டனின் உள்துறை அமைச்சரானார். இம்முறை சொந்த நாட்டுக்காரர்களை 18பி என்ற விதியின் கீழ் அடைத்தார். அவர்களில் ஒருவரான லிவர்சிட்ஜ் காரணம் கேட்டு வழக்குத் தொடுத்தார். நியாயமான காரணம் இருப்பதாக அமைச்சர் நம்பினால் போதும், அந்தக் காரணத்தை நீதிமன்றம் துருவிப் பார்க்க வேண்டியதில்லை என்று 1941-இல் பிரபுக்கள் சபை சொன்னது. அட்கின் பிரபு ஒருவர் மட்டும் மாறுபட்டார். குடியேற்ற நாட்டில் பழகிய கை தாய்நாட்டிலும் அதே வேலையைச் செய்தது என்பதை எங்கள் சட்டப் புத்தகங்கள் சொல்வதில்லை. அங்கே லிவர்சிட்ஜ் எதிர் ஆண்டர்சன் என்று வழக்கின் பெயர் மட்டும் இருக்கும்.

சுதந்திரத்துக்குப் பின் நடந்தது எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே, 22-ஆம் பிரிவில், தடுப்புக் காவலுக்கு இடம் வைத்தார்கள். அமைதிக் காலத்திலும் செல்லும்படி அரசமைப்பிலேயே இதற்கு இடம் தந்த மக்களாட்சி நாடுகள் மிகக் குறைவு. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே, 1950 பிப்ரவரியில், பட்டேல் தடுப்புக் காவல் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். அதே மாதம் 11-ஆம் தேதி சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். அப்போது சென்னை மாகாணச் சிறையில் இருந்த மலபார்க்காரர் ஏ.கே. கோபாலன், 1947 டிசம்பரிலிருந்தே ஏதாவதொரு சட்டத்தின் கீழ் உள்ளே இருந்தவர். அவர் தொடுத்த வழக்குதான் தனிமனித சுதந்திரம் பற்றி உச்ச நீதிமன்றம் கேட்ட முதல் பெரிய வழக்கு. எதிர்மனுதாரர் சென்னை மாகாண அரசு. மே மாதம் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றார்கள். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்துக்குக்கூடச் சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் நீக்கினார்கள். நீதிபதி ஃபசல் அலி மறுத்து எழுதினார்.

பட்டேல் இறந்தபின் உள்துறைக்கு வந்தவர் ராஜாஜி. ஓராண்டுக்கென்று வந்த சட்டத்தை 1951-இல் நீட்டித்தவர் அவர்தான். காவல் ஆணைகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் என்ற நல்ல திருத்தத்தையும் அவரே செய்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ரௌலட் சட்டத்தை எதிர்க்கும் யோசனையை முதலில் கேட்ட மனிதர் இவர். அவர் கெட்டவர் என்று நான் எண்ணவில்லை. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்த நேரம், பிரிவினை ரணம் ஆறாத நேரம். தாம் நாணயமானவர், தம் கையில் இந்த அதிகாரம் தவறாகப் போகாது என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்கு அச்சம் தருகிறது. ஓராண்டுச் சட்டம் 1969 முடியும்வரை உயிரோடு இருந்தது. இரண்டே ஆண்டில் மிசா என்ற புதிய தடுப்புக் காவல் சட்டம் வந்தது.

மிசாவின் கதை தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிபட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு மறு ஆண்டு இறந்தார். நீதிபதி இஸ்மாயில் அதை விசாரித்து அறிக்கை தந்தார். அந்தக் காலத்தில் ஒன்பது உயர் நீதிமன்றங்கள், நெருக்கடி நிலையிலும் ஆட்கொணர்வு மனுவைக் கேட்போம் என்று சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28-இல் அதைக் கவிழ்த்தது. அந்த விசாரணையின் நடுவே நீதிபதி எச்.ஆர். கன்னா அரசு வழக்கறிஞர் நிரேன் தேவிடம், சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றால் பரிகாரம் உண்டா என்று கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்று பதில் வந்தது. கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். மறு ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள், அவர் விலகினார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் துடைத்தெறிந்தது 2017-இல். துடைத்து எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். பெரும்பான்மையில் இருந்த நால்வரில் ஒருவர் அவருடைய தந்தை.

வேறு நாடுகளுக்கும் இதே வித்து போயிருக்கிறது. சிங்கப்பூரில் சியா தை போ 1966-இல் உள்ளே போனார், வழக்கே இல்லாமல் 1989வரை இருந்தார். பிறகும் 1998வரை கட்டுப்பாடுகள். மலேசியாவில் 2007-இல் ஹிண்ட்ராஃப் இயக்கத் தலைவர்கள் ஐவரை ஐ.எஸ்.ஏ. என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து கமுந்திங் முகாமில் வைத்தார்கள். அவர்களில் மனோகரனை மறு ஆண்டு சிலாங்கூர் மக்கள் முகாமில் இருந்தபடியே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் மூன்றாண்டுக்கு என்று வந்து, 1982-இல் நிரந்தரமானது. அது எத்தனை தமிழ்க் குடும்பங்களை உலுக்கியது என்பது ஒரு தனிக் கட்டுரை. தென்னாப்பிரிக்காவில் 1963-இல் 90 நாள் சட்டம் வந்தது. பத்திரிகையாளர் ரூத் ஃபர்ஸ்டை 90 நாள் முடிந்ததும் வெளியே விட்டு, வீட்டுக்குப் போகுமுன் மறுபடி பிடித்தார்கள். சிறை வாசலிலேயே மறுபடி கைது என்பது சென்னைப் புழல் சிறை வாசலில் நின்றிருக்கும் எவருக்கும் தெரிந்த காட்சி.

இன்று என் மேசைக்கு வருவது 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த தமிழ்நாட்டுச் சட்டம், மக்கள் குண்டாஸ் என்று சொல்வது. கள்ளச்சாராயக்காரர்களுக்கும் ரவுடிகளுக்கும் என்று தொடங்கியது. 2004-இல் திருட்டு வீடியோக்காரர்கள், பிறகு மணல் திருடுகிறவர்கள், 2014-இல் இணையக் குற்றவாளிகள் என்று பட்டியல் வளர்ந்தது. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ ஆணையிட்டால் 12 மாதம். 12 நாளில் அரசு ஒப்புதல் தர வேண்டும், 3 வாரத்தில் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கழகத்தின் முன் வழக்கறிஞர் ஆஜராகும் உரிமை கிடையாது.

மனு விசாரணைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வந்தபின் நான் வாதாடுவது என்ன? காகிதக் கட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் மங்கியிருக்கிறது. ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் தரவில்லை. ஜாமீன் மனுவே போடாதவர் ஜாமீனில் வந்துவிடுவார் என்று எழுதியிருக்கிறார்கள். கைதியின் முறையீட்டை அரசு காரணமின்றித் தாமதித்திருக்கிறது. இப்படி ஏதாவது ஒன்றைக் கொண்டு “குண்டாஸ் உடைத்து” வெளியே எடுக்கிறோம். அவன் உண்மையில் என்ன செய்தான், செய்யவில்லை என்பதை அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. மங்கிய பக்கம் இல்லாத கட்டுக்காரன் உள்ளேயே இருக்கிறான்.

உள்ளே இருப்பவனுக்குக் கொஞ்சம் காப்புத் தர ஒரு முயற்சி நடந்ததுண்டு. 1978-இல், நெருக்கடி நிலையின் காயம் ஆறுமுன், 44-ஆவது திருத்தம் 22-ஆம் பிரிவையும் மாற்றியது. அறிவுரைக் கழகத்தின் தலைவர் பணியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும், மற்ற உறுப்பினர்களும் பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதிகளாக இருக்க வேண்டும், உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பரிந்துரைக்க வேண்டும், கழகத்தின் கருத்தின்றி மூன்று மாதம் வைக்கலாம் என்பது இரண்டு மாதமாகக் குறைய வேண்டும் என்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தந்தார். அந்த ஒரு பிரிவு மட்டும் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்ற அறிவிப்பை, அதன்பின் வந்த எந்த மத்திய அரசும் வெளியிடவில்லை. நீதிபதியாகத் தகுதி உள்ளவர் என்றாலே கழகத்தில் உட்காரலாம் என்ற 1950-இன் வரிதான் இன்றும் செல்லுபடியாகிறது. அந்த அறிவிப்புக்குப் புதிய சட்டம் வேண்டாம், நாடாளுமன்றம் கூட வேண்டாம். மத்திய அரசு அரசிதழில் ஒரு தேதியைக் குறித்தால் போதும்.